எண்ணெய் விவாதமும் செக்குமாட்டுச் சிந்தனையும்

கிளிநொச்சிச் சந்தையிலோ முல்லைத்தீவுக் கடைத்தெருவிலோ எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘கொலஸ்ரரோல் அற்றது’ என்னும் வாசகம் அதிற் பொறிக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அவ்வாசகம் உண்மையே. தென்னை, எள், கச்சான், பாம் ஆகிய யாவும் தாவரங்கள். கொலஸ்ரரோலைக் குறிப்பிடத்தக்க அளவில் ஆக்குபவை விலங்குடல்கள். ஆகவே எந்தத் தாவர எண்ணெய்ப் போத்தலிலும் அவ்வாசகத்தை ஒட்டலாம். எவரும் குறை கூற முடியாது. எனினும், அதனைப் படித்து மனநிறைவோடு வீடு திரும்பும் மனிதன் ஏமாற்றப்பட்டவனே ஆவான். அவனது குருதியில் ஓடும் கொலஸ்ரரோலின் பெரும்பங்கு அவனது உடலிலேயே ஆக்கப்படுவது. அதன் அளவைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் எண்ணெய்க்குள்ள பங்கு, அவ்வெண்ணெயில் எவ்வகைக் கொழுப்பமிலங்கள் உள்ளன என்பதைப் பொறுத்தது. போத்தலின் வாசகம் உண்மையைச் சொல்லி, கேட்கப்படவேண்டிய வினாவை மறைத்துவிடுகின்றது.

வாணிபம் அவ்வாறு செய்வதில் வியப்பில்லை. கற்றோர் எனப்படுவோர் அதே தவற்றைச் செய்வதே வியப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. தேங்காயெண்ணெய் பற்றிய விவாதம் நம்மிடையே இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கின்றது. ஓரணிக்குத் தேங்காயெண்ணெய் முன்னோர் தந்த அமுதம். கொலஸ்ரரோல் என்பது மேலைநாட்டு மருந்து வணிகரின் கட்டுக்கதை. மற்றை அணிக்குத் தேங்காய் நஞ்சு. மின்னும் போத்தலில் வருகின்ற எதுவாயினும் அதனிலும் மேல். இருசாராரும் ஒரே அச்சைச் சுற்றி நடக்கின்ற செக்குமாடுகள். நாள் முழுதும் நடந்தாலும் மாடு ஓரடிதானும் முன்னேறுவதில்லை. ஆயினும் மெய்யான செக்கிலே எண்ணெயாவது வடியும். இந்த விவாதத்திலே அதுவும் இல்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டையாயின் இச்சஞ்சிகையின் பக்கங்களை அதற்குச் செலவிடவேண்டியதில்லை. என் தாய்மாமன் ஓமந்தைப் பக்கத்தில் வயல் செய்தவர். இடம்பெயர்வுகள் எல்லாவற்றையும் தாங்கி, 2009-இல் செட்டிகுளத்து முகாமில் மாதக்கணக்கில் இருந்து, ஊர் திரும்பிக் காடாகிக் கிடந்த காணியை மீண்டும் திருத்தியவர். சில ஆண்டுகளின் பின் நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். கொலஸ்ரரோலைக் குறைக்கும் மாத்திரையும் வேறு மருந்துகளும் எழுதிக் கொடுக்கப்பட்டன. கைத்தொலைபேசியில் யாரோ ஒருவரின் சொற்பொழிவு அவரை வந்தடைந்தது. மாத்திரை நஞ்சு என்றும், காலையில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் குடித்தால் நாடியிற் படிந்த கொழுப்பு கரையும் என்றும் அது கூறிற்று. நான் தடுத்தபோது, “தம்பி, எங்கட தேங்காயில என்ன பிழை இருக்கப்போகுது?” என்று கேட்டார். அந்த வினாவுக்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதங்களின் பின், வாய்க்கால் வரம்பில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்தான் அவரைக் கொன்றது என்று நான் சாதிக்கமாட்டேன். ஒரு மரணத்திலிருந்து அப்படி முடிவு செய்வது விஞ்ஞானமாகாது. ஆனால் காக்கக்கூடிய மருந்தை அவர் கைவிட்டதற்கு இந்த விவாதமே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்று நான் சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்களாலான ஒரு சங்கிலி. அச்சங்கிலியில் ஐதரசன் ஏற்கக்கூடிய இடமெல்லாம் நிரம்பியிருப்பின் அது நிரம்பிய கொழுப்பமிலம். இரட்டைப் பிணைப்பு ஒன்றோ பலவோ இருப்பின் நிரம்பாதது. குருதியில் கொலஸ்ரரோலைச் சுமந்து செல்லும் இலிப்போபுரதங்களுள் தாழ் அடர்த்தி இலிப்போபுரதமே நாடிச் சுவரிற் படிந்து கேடு விளைவிப்பது. அதனைக் குருதியிலிருந்து அகற்றும் பணியைப் பெரிதும் செய்வது ஈரல். ஈரற் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் எனப்படும் புரதங்கள் அதனைப் பற்றி உள்ளே இழுக்கின்றன. இவ்வாங்கிகளைக் கண்டு விளக்கியமைக்காகவே மைக்கல் பிறவுண், யோசப் கோல்ட்ஸ்ரைன் ஆகிய இருவருக்கும் 1985-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உணவில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் மிகும்போது வாங்கிகளின் செயற்பாடு தாழ்கின்றது. குருதியில் தாழ் அடர்த்தி இலிப்போபுரதம் தேங்குகின்றது. பல இரட்டைப் பிணைப்புடைய இலினோலேயிக்கமிலம் போன்றவை அவற்றின் இடத்தைப் பிடிக்கும்போது வாங்கிகள் மீண்டும் உசாரடைகின்றன.

இவ்விளைவுகளை எண்களாற் கணிக்க முடியும் என்பதை அன்செல் கீஸ் குழுவினரும் மார்க் ஹெக்ஸ்ரெட் குழுவினரும் 1965-லேயே காட்டினர். நிரம்பிய கொழுப்பமிலங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல என்பதும் அப்போதே தெரிந்தது. இலோரிக்கமிலம், மிரிஸ்ரிக்கமிலம், பாமிற்றிக்கமிலம் ஆகிய மூன்றும் கொலஸ்ரரோலை உயர்த்துபவை. ஸ்ரியறிக்கமிலம் ஏறத்தாழ நடுநிலையானது. இனி நம் அடுக்களைக்கு வருவோம். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பியவை. அதில் இலோரிக்கமிலம் மட்டும் 45 முதல் 50 வீதம் வரை. பாம் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிரம்பியது. அதிலும் பாமிற்றிக்கமிலமே மிகுதி. நல்லெண்ணெயிலோ நிரம்பியவை ஏறக்குறைய 15 வீதமே. எஞ்சியவற்றில் ஒலேயிக்கமிலமும் இலினோலேயிக்கமிலமும் கிட்டத்தட்டச் சமபங்கினை வகிக்கின்றன. கச்சானெண்ணெய் ஒலேயிக்கமிலம் மிக்கது. இலுப்பெண்ணெயில் பாதியளவு நிரம்பியதாயினும், அந்தப் பாதியில் ஏறத்தாழ அரைவாசி நடுநிலையான ஸ்ரியறிக்கமிலமாகும்.

இவ்வெண்களைக் கொண்டு என் மாமனின் இரண்டு மேசைக்கரண்டியை அளந்து பார்க்கலாம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிரம்பிய கொழுப்பு மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டல். அதாவது ஏறத்தாழ 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் காலையிலேயே அவ்வெல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் புட்டுக்குத் தேங்காய்ப்பூ, சொதிக்குப் பால், பின்னேரத் தேநீருக்கு வடை என அந்நாளில் வந்த யாவும் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அதேயளவு நல்லெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு நான்கு கிராமளவே.

தேங்காய் அணியினர் முன்வைக்கும் வாதங்களை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தேங்காயெண்ணெயில் உள்ளவை நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் என்றும், அவை நேரே ஈரலுக்குச் சென்று எரிந்துவிடுவன என்றும் கூறுவர். எட்டும் பத்தும் காபன் கொண்ட அமிலங்களுக்கு இது பொருந்தும். தேங்காயெண்ணெயில் அவையிரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்களவே. பன்னிரண்டு காபன் கொண்ட இலோரிக்கமிலம் பெயரளவில் நடுத்தரம். அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலி அமிலங்களைப் போன்று நிணநீர் வழியே செல்வது. மருத்துவமனைகளிற் பயன்படுத்தப்படும் நடுத்தரச் சங்கிலி எண்ணெயைக் கொண்டு செய்த ஆய்வுகளைத் தேங்காயெண்ணெய்க்குச் சான்றாகக் காட்டுவது, பசுப்பாலின் குணத்தைச் சுண்ணாம்பு நீருக்கு ஏற்றிச் சொல்வதை ஒக்கும்.

தேங்காயெண்ணெய் நன்மைதரும் உயர் அடர்த்தி இலிப்போபுரதத்தையும் உயர்த்துகின்றது என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. 60 ஆய்வுகளைத் தொகுத்து மென்சிங்கும் தோழர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இலோரிக்கமிலம் மொத்தக் கொலஸ்ரரோலைப் பெரிதும் உயர்த்தினாலும், அவ்வுயர்வின் பெரும்பகுதி உயர் அடர்த்தி வகையைச் சார்ந்தது எனக் காட்டிற்று. தேங்காயெண்ணெயையே நேரடியாகப் பரிசோதித்த 16 ஆய்வுகளின் தொகுப்பு 2020-இல் வெளிவந்தது. வெப்பவலயஞ் சாராத ஏனைத் தாவர எண்ணெய்களுடன் ஒப்பிடுகையில், தேங்காயெண்ணெய் தாழ் அடர்த்திக் கொலஸ்ரரோலை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமும், உயர் அடர்த்திக் கொலஸ்ரரோலை 4 மில்லிகிராமும் உயர்த்துகின்றது என்பது அதன் முடிவு. நான்கைப் பறைசாற்றிப் பத்தை மறைப்பது நேர்மையாகாது. அன்றியும், உயர் அடர்த்தி வகையை உயர்த்துவதால் மட்டும் இதயம் காக்கப்படும் என்ற நம்பிக்கை தளர்ந்துவிட்டது. அதனை 70 வீதத்துக்கு மேல் உயர்த்திய ரோசெற்றப்பிப் என்னும் மருந்தின் பரிசோதனை, இறப்புகள் கூடியமையால் 2006-இல் நிறுத்தப்பட்டது. அம்மருந்துக்கு வேறு தீய விளைவுகளும் இருந்தன என்பது மெய்தான். ஆனால் அவ்விளைவுகள் இல்லாத நயசின் மருந்தும் 2011-இல் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

மூன்றாவதாகப் பசிபிக் தீவுகளையும் கேரளத்தையும் சான்றுக்கு அழைப்பர். தொக்கலாவு, புக்காபுக்கா என்னும் தீவு மக்களைப் பற்றி இயன் பிரையர் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயை மிக உண்ட அம்மக்களிடையே இதயநோய் அருகிக் காணப்பட்டது உண்மை. ஆனால் அதே ஆய்வின் மறுபாதி இங்கு எடுத்தோதப்படுவதில்லை. சக்தியில் 63 வீதத்தைத் தேங்காயிலிருந்து பெற்ற தொக்கலாவு மக்களின் கொலஸ்ரரோல், 34 வீதம் பெற்ற புக்காபுக்கா மக்களின் அளவை விடத் தெளிவாக உயர்ந்திருந்தது. அவர்கள் மீனும் கிழங்கும் உண்டு, கடலிலே உழைத்தவர்கள். புகையிலையோடும் சீனியோடும் நாள் முழுதும் கதிரையில் இருந்தவர்கள் அல்லர். கொச்சியில் 200 இதயநோயாளரிடம் இரண்டாண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, தேங்காயெண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வேறுபாடு காணவில்லை. அந்நோயாளர் வழக்கமான சிகிச்சையைக் கைவிடாதிருந்தவர்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மாத்திரையை விடுமாறு கூறுவோர்க்கு அவ்வாய்வு ஒருபோதும் சான்றாகாது.

கொலஸ்ரரோற் கொள்கையே மருந்து வணிகரின் சூழ்ச்சி என்பது இறுதி வாதம். மருந்து வணிகர் புனிதர் என்று எவரும் கூறார். ஆனால் ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4444 இதயநோயாளரிடம் நடந்து 1994-இல் வெளியான பரிசோதனையில், சிம்வாஸ்ரற்றின் உட்கொண்டோரிடையே இறப்பு 30 வீதம் குறைந்தது. வணிகர் ஆதாயம் பெற்றார் என்பதனால் உயிர் பிழைத்தோர் பிழைக்காதவர் ஆகிவிடுவாரா? மேலும், ‘வேர்ஜின்’ என்று பெயர் சூட்டிச் சிறு போத்தலைப் பெருவிலைக்கு விற்பவரும் வணிகரே. ஒரு வணிகனை ஐயுற்று மற்றவனை வணங்குவது பகுத்தறிவின்பாற்படாது.

‘எங்கள் முன்னோர் தேங்காய் உண்டு நூறாண்டு வாழ்ந்தனர்’ என்னும் பெருமிதம் பற்றியும் ஒரு சொல். வன்னியின் முன்னோரை வேறெங்கோ தேடவேண்டியதில்லை. குளத்தை அண்டி வாழ்ந்த உள்நாட்டு வன்னியானின் வளவில் நின்ற தென்னைகள் சிலவே. பெருந்தோட்டமாகத் தென்னை செழித்தது பளைப் பக்கத்திலும் கடலோரத்திலுமே. குளத்து மீனும், நெற்சோறும், குரக்கனும், கீரையும் உண்டு, விடிந்தது முதல் பொழுதுபடும்வரை வயலில் நின்றவர்கள் அம்முன்னோர். அவர்களை வாட்டியது மலேரியா. மாரடைப்பு வரும் வயதை எட்டுமுன்னரே பலர் மறைந்தனர். அத்தகையோரை எண்ணெயின் நன்மைக்குச் சாட்சியாகக் கூண்டிலேற்றுவது அவர்களுக்கும் இழுக்கு, வரலாற்றுக்கும் இழுக்கு.

அப்படியானால் தேங்காயை ஒழித்துவிடவேண்டுமா? இங்கேதான் எதிரணியின் மடமை வெளிப்படுகின்றது. உணவின் விளைவை ஆராய்வோர் முதலிற் கேட்கவேண்டிய வினா ‘எதற்குப் பதிலாக?’ என்பதே. தேங்காயெண்ணெயை விட்டுப் பாம் எண்ணெயைப் பிடித்தவன் ஓரளவு நகர்ந்திருக்கலாம், கரை சேரவில்லை. அதனை விட்டு ஐதரசனேற்றிக் கட்டியாக்கிய கொழுப்பைப் பிடித்தவன் கிணற்றுக்குத் தப்பித் தீயில் வீழ்ந்தவன். அத்தகைய மாறுபக்கக் கொழுப்பமிலங்கள் தாழ் அடர்த்தி வகையை உயர்த்தி உயர் அடர்த்தி வகையைத் தாழ்த்துகின்றன என மென்சிங்கும் கற்றானும் 1990-லேயே காட்டினர். கொழுப்பையெல்லாம் அஞ்சி விட்டு, வெள்ளைச் சோற்றையும் சீனித் தேநீரையும் பாணையும் கூட்டியவனின் குருதியிலோ முக்கிளிசரைட்டு உயர்கின்றது. ‘எண்ணெயைக் குறையுங்கோ’ என்ற ஒற்றை வரியோடு நோயாளியை அனுப்பிவிடும் ஆலோசனை, பாதி ஆலோசனையே ஆகும். அவர் எதைக் கூட்டவேண்டும் என்பதை யார் சொல்வது?

தேங்காய் வேறு, தேங்காயெண்ணெய் வேறு என்பதையும் இவ்வணி மறந்துவிடுகின்றது. பிழிந்த பாலும் துருவிய பூவும் நாரோடும் புரதத்தோடும், மீனோடும் கீரையோடும் சேர்ந்து அளவாக உண்ணப்படுவன. தேங்காய்ப்பாற் கஞ்சியை எட்டு வாரம் நலமுள்ளோர்க்குக் கொடுத்துப் பார்த்து 2013-இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று, அதனாற் குருதிக் கொழுப்பு கெடவில்லை என்றே கண்டது. எண்ணெயோ கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துத் திரட்டியது. தாச்சியிற் கொதிக்க வைத்து, வடையும் ரோல்சும் கட்லட்டும் பொரித்து, அடுத்த நாளும் அதிலேயே பொரிப்பது. சொதியைக் குற்றவாளியாக்கித் தாச்சியைத் தப்பவிடுவது நீதியன்று.

இலங்கையின் சொந்த அறிவைப் புறக்கணிக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பேராதனையில் சாந்தி மென்டிஸ் குழுவினர் 1989 முதல் இவ்வினாவை நம் நாட்டவரின் குருதியிலேயே அளந்து வந்தனர். தேங்காயெண்ணெய்க்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்தபோது மொத்தக் கொலஸ்ரரோலும் தாழ் அடர்த்தி வகையும் குறைந்தன. உயர் அடர்த்தி வகையும் உடன் குறைந்தது. மென்டிசும் குமாரசுந்தரமும் 1990-இல் தேங்காய்க் கொழுப்பையும் சோயாக் கொழுப்பையும் இளைஞரிடையே ஒப்பிட்டனர். 2001-இல் வெளியான ஆய்வோ மிகவும் பயனுடையது. தேங்காயை முற்றாக நீக்காமல், அதன் கொழுப்பை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்தபோதே தாழ் அடர்த்தி வகை பத்து வீதமளவு தாழ்ந்தது. ‘முற்றும் உண்’, ‘முற்றும் விடு’ என்னும் இரு கூச்சலுக்கும் இடையே, அளந்து சொல்லப்பட்ட இவ்விடை இருபதாண்டுகளுக்கு மேலாகக் கேட்பாரின்றிக் கிடக்கின்றது.

இது தனிமனித ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. ஆட்சியாளரின் பொறுப்பும் ஆகும். தமிழரும் வாழ்கின்ற மொரிசியஸ் தீவைப் பாருங்கள். அங்கு மக்கள் பரவலாகப் பயன்படுத்திய மலிவுவிலைப் பங்கீட்டு எண்ணெய் பெரும்பாலும் பாம் எண்ணெயாக இருந்தது. 1987-இல் அரசு அதனைச் சோயா எண்ணெயாக மாற்றிற்று. 1992-இல் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ரரோல் லீற்றருக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமோல் குறைந்திருந்தது. அக்குறைவில் அரைவாசியளவு எண்ணெய் மாற்றத்தால் விளைந்தது என ஆய்வாளர் கணித்தனர். எவரும் மேடையேறி முழங்கவில்லை. எவரது முன்னோரும் இழிவுபடுத்தப்படவில்லை. போத்தலினுள்ளே இருந்தது மாறிற்று, குருதி மாறிற்று.

இலங்கையில் நிகழ்ந்தது என்ன? 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃபிளாற்றொக்சின் நஞ்சு காணப்பட்டமை நாட்டைக் கலக்கிற்று. அடுத்த மாதமே பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. உற்பத்தியாளரின் தேவையைக் காட்டி அது விரைவிலேயே தளர்த்தப்பட்டது. மண்ணையும் நீரையும் காப்பதற்காகப் பாம் பயிர்ச்செய்கையைத் தடுத்தது தக்கதாகலாம்; அது வேறு விடயம். ஆனால் அவ்விவாதம் முழுவதிலும், மக்களின் நாடிக்கு எந்த எண்ணெய் உகந்தது என்ற வினா உரத்து எழவில்லை. 2025-இல் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாவைத் தாண்டியபோதும் விலை பற்றியே பேசினோம். தேநீர்க்கடைத் தாச்சிக்குள் மலிவாக எது வந்து சேர்ந்தது என்று பேசவில்லை.

அதே 2025-இல், செப்டெம்பர் 2ஆம் நாள், உலக தென்னை தினத்தன்று, வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் புதுக்குடியிருப்பில் தொடங்கி வைக்கப்பட்டது. எறிகணையில் வட்டிழந்து நின்ற தென்னைகளைக் கண்ட கண்களுக்குப் புதிய கன்றுகள் ஆறுதலே. முகமாலையிலும் பளையிலும் தோட்டங்களை இழந்தோருக்கு அது வாழ்வாதாரம். தென்னையை நடுவதை நான் எதிர்க்கவில்லை. தும்பும், கருப்பணியும், பாலும், ஏற்றுமதியும் வரட்டும். ஆனால் தென்னை நட்ட கையோடு, ‘தேங்காயெண்ணெய் இதயத்துக்கு நன்று’ என்ற பொய்யையும் நடவேண்டாம். பயிரின் நலம் வேறு. குருதியின் நலம் வேறு.

வன்னி உண்மையில் இழந்தது பற்றி இருசாராரும் வாய் திறப்பதில்லை என்பதே என் பெருங்குறை. மரபு மரபு என்று முழங்குவோர்க்கு நல்லெண்ணெய் ஏன் நினைவுக்கு வருவதில்லை? காலபோக நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே எள் விளையும். குளத்து நீரை அதிகம் கேளாது. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நம் தாய்மார் ஊற்றிக் கொடுத்தது நல்லெண்ணெய். கோயில் விளக்கில் எரிந்தது இலுப்பெண்ணெய். இலுப்பைக்குளம் என்று ஊருக்கே பெயராயிற்று அம்மரம். இன்று அம்மரத்தின் விதை பொறுக்க ஆளில்லை. போர் ஊர்களைக் கலைத்தது, செக்குகள் சிதைந்தன. முகாமில் அரிசியோடும் மாவோடும் பருப்போடும் நிவாரண எண்ணெய் வந்தது. பசித்தவன் அதனை நன்றியோடு பெற்றான், அதிற் குற்றமில்லை. ஆனால் ஊர் திரும்பிய பின்னரும் நம் அடுக்களை போத்தலுக்கே காத்து நிற்கின்றது. நல்லெண்ணெய் இன்று தோசைக்கு ஒரு துளியாகவும், சனிக்கிழமை முழுக்குக்கு ஒரு கையாகவும் சுருங்கிவிட்டது. கொழுப்பமிலக் கணக்கில் சோளத்துக்கும் சோயாவுக்கும் அருகே நிற்கக்கூடிய ஓர் எண்ணெய் நம் வயலிலேயே விளைய, நாம் தேங்காயா பாமா என்று சண்டையிடுகின்றோம்!

நல்லெண்ணெய் சர்வரோக நிவாரணி என்று நான் புதியதொரு மூடநம்பிக்கையைக் கிளப்பவில்லை. எந்த எண்ணெயும் கரண்டிக்கு நூற்றுக்கு மேற்பட்ட கலோரி தருவதே. அளவு மிஞ்சின் அதுவும் உடலைப் பெருக்கும். எள்ளில் தாவர ஸ்ரரோல்கள் மிகுதி. அவை குடலில் கொலஸ்ரரோல் உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை. ஆயினும் 100 கிராம் எள்ளில் அவை 400 மில்லிகிராம் அளவே. தாழ் அடர்த்தி வகையைப் பத்து வீதமளவு குறைக்க நாளொன்றுக்கு 2 கிராம் வேண்டும். எள்ளுருண்டையால் மாத்திரையை மாற்றீடு செய்ய முடியாது. நான் சொல்வது சிறியது: தாச்சியிலும் தாளிப்பிலும் தேங்காயெண்ணெயும் பாம் எண்ணெயும் இருக்கும் இடத்திற் பெரும்பகுதியை எள்ளும் கச்சானும் பிடிக்கட்டும், தேங்காய் சொதியிலும் சம்பலிலும் அளவோடு இருக்கட்டும், பொரித்த எண்ணெய் மறுநாள் தாச்சி ஏறாதிருக்கட்டும், மருத்துவர் தந்த மாத்திரையை மருத்துவரே நிறுத்தட்டும்.

விலை என்னாவது என்று கேட்பர். நியாயமான கேள்வி. இன்று நல்லெண்ணெய் ஏழைக்கு எட்டாத விலையில் உள்ளது. ஆனால் அது விதியன்று. தென்னைக்குக் கன்றும் உரமும் கொடுக்க முடிந்த அரசுக்கு எள்ளுக்கு விதையும் கொள்வனவு விலையும் கொடுக்க முடியும். பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வன்னிக்குப் புதியவை அல்ல. முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் அக்கராயனிலும் ஒவ்வொரு இயந்திரச் செக்கு இயங்கின், குடும்பத்தலைமை ஏற்ற பெண்கள் பலருக்குத் தொழிலும் கிட்டும்.

இறுதியாக, நம்மை நோக்கியே ஒரு வினா. இலங்கையின் நீரிழிவு, இதயநோய் நிலையை அளந்த பெரும் ஆய்வு ஒன்று 2005-இலும் 2006-இலும் நடைபெற்றது. ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே அது நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. நாட்டின் குருதி அளக்கப்பட்டபோது நம் குருதி கணக்கில் இல்லை. பின்னர் வந்த தேசிய ஆய்வுகள் நாடு முழுவதையும் தழுவின. ஆனால் தேசியச் சராசரி ஒன்று, கரிப்பட்டமுறிப்பில் ஒரு வீட்டில் மாதம் எத்தனை போத்தல் எண்ணெய் செலவாகின்றது, அது எந்த எண்ணெய், அவ்வீட்டாரின் தாழ் அடர்த்திக் கொலஸ்ரரோல் எவ்வளவு என்று சொல்லாது. அன்று போர் தடுத்தது. இன்று தடுப்பது எது? அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கின்றது. பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கின்றது. பயிரை அறிந்தவரும், எண்ணெயைப் பகுக்க அறிந்தவரும், குருதியை அளக்க அறிந்தவரும் பேருந்துப் பயணத் தொலைவுகளிலேயே இருக்கின்றனர். இருநூறு வீடுகள், ஓராண்டு, இரண்டு எண்ணெய்கள். இதனைச் செய்யப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, விரிவுரையாளர்களே! தேங்காயை வாழ்த்தியும் வைதும் நாம் நிறைய எழுதிவிட்டோம். செக்குமாட்டின் கண்ணைக் கட்டுவது அது சுற்றுவதை அறியாதிருக்கவே. நம் கண்ணை எவரும் கட்டவில்லை, கட்டிக்கொண்டவர்கள் நாமே. “எங்கட தேங்காயில என்ன பிழை?” என்று கேட்கும் அடுத்த மனிதருக்கு, இந்த எண்ணெயில் இன்னது இவ்வளவு, அது உங்கள் குருதியில் இன்னது செய்யும், அதற்குப் பதிலாக உங்கள் வயலில் விளைவது இது என்று, நம் மண்ணில் அளந்த எண்ணைக் காட்டி விடை சொல்லக் கற்போம். அந்த விடை ஓமந்தையில் ஒரு வீட்டுக்குக் காலந்தாழ்த்திப் போய்விட்டது. மற்றை வீடுகளுக்காவது நேரத்தோடு போய்ச் சேரட்டும்.